360 ரிங்கிட்டுக்கு ஒரு பலாமரம்

நினைவாற்றல் வகுப்பில் சேர நினைப்பவர்கள் முதலில் நினைவில் வைக்க வேண்டியது மாடிப்படியை. பதினெட்டுப் படிகள், செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான், மின்தூக்கி கிடையாது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் துன் சம்பந்தன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பூமாலைக் கடைக்கு மேலே இருக்கிறது அந்த வகுப்பறை. "ஐம்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்காகவே" என்று விளம்பரத் தாளில் அச்சடித்தவர்கள், அந்த வயதில் முழங்கால் என்று ஒன்று இருப்பதை மறந்துவிட்டார்கள். கீழே கடையில் மல்லிகை மணக்கிறது. ஏறுகிறவர்களுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

ஆறு சனிக்கிழமைகள், பிற்பகல் இரண்டு மணி முதல் நான்கரை வரை, கட்டணம் 360 ரிங்கிட். நடத்துபவர்களின் பெயரை எழுதப்போவதில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நிறையும் சொல்லப்போகிறேன். இதே சரக்கை விற்கும் இடங்கள் கோலாலம்பூரில் இன்னும் பல இருப்பதால், படிப்பவர்களுக்கு எங்கே போனாலும் உதவும்.

எனக்கு வயது அறுபத்து நான்கு. முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசாங்க மருத்துவமனைகளில் தாதியாக இருந்தேன். அதில் பத்தொன்பது ஆண்டுகள் நரம்பியல் வார்டில். கட்டிலருகே நின்று மூன்று சொற்களைச் சொல்லி, வேறு பேச்சுப் பேசி, சில நிமிடம் கழித்து அவற்றைத் திருப்பிக் கேட்பது எங்கள் வார்டின் அன்றாடப் பழக்கம். மலாயில் எப்பால், மேஜா, ஷிலிங். தமிழில் ஆப்பிள், மேசை, காசு. எத்தனை பேரிடம் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. போன ஆண்டு ஒரு நாள் மின்தூக்கிக்குள் பதினொரு ஆண்டுகளாக அடுத்த வீட்டில் இருக்கும் பெண்மணி "சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்டார். அவர் பெயர் வரவில்லை. எட்டாவது மாடி வரை சிரித்துக்கொண்டே போனேன். அன்று மாலையே சோறும் அடிப்பிடித்தது. என் அக்காவுக்கு ஏற்கெனவே மறதி நோய். இரண்டையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்துப் பயந்துபோனேன். பயந்தவர்களிடம் எதையும் விற்றுவிடலாம். விளம்பரத் தாளைப் பார்த்த அன்றே பணம் கட்டிவிட்டேன்.

முதல் சனிக்கிழமை ஒரு சோதனை. பயிற்சியாளர் இருபது சொற்களைப் படித்தார், எழுதச் சொன்னார். நான் ஏழு எழுதினேன். முதல் நான்கு, கடைசி மூன்று. நடுவில் இருந்ததெல்லாம் கிணற்றில் போட்ட கல். பக்கத்தில் இருந்தவர்களுக்கும் ஏறக்குறைய அதே கதைதான். பட்டியலின் தலையும் வாலும் தங்கும், வயிறு நழுவும். இதைப் பயிற்சியாளர் அழகாக விளக்கினார். என் மகன் வயது இருக்கும் அவருக்கு. கோட்டு அணிந்திருந்தார், எல்லோரையும் அம்மா, ஐயா என்றார், குரல் நன்றாக இருந்தது. அடுத்த நிமிடமே, மனிதன் மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறான் என்றார்.

நான் கையை உயர்த்தினேன். "தம்பி, ஐம்பது காசு அளவுக்கு ஒரு ரத்தக் கட்டு தாக்கியதில் பேச்சே போனவர்களை நான் குளிப்பாட்டியிருக்கிறேன். தொண்ணூறு விழுக்காடு சும்மா கிடக்கிறது என்றால், ஒரு பக்கவாதமாவது அந்தச் சும்மா இடத்தில் வந்திருக்க வேண்டாமா?" அவர் சிரித்தார், அடுத்த படத்தைத் திரையில் போட்டார். அது இடது மூளை, வலது மூளை. நான் கையைக் கீழே இறக்கிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் அவர் சொன்னது, நினைவு என்பது மூளைக்குள் இருக்கும் ஓர் அலமாரி, நமக்குச் சாவிதான் தொலைந்திருக்கிறது என்று. கேட்க இனிமையாக இருந்தது. தேநீர் இடைவேளையில் (தே தாரிக்கும் உளுந்து வடையும், வடைக்கு முழு மதிப்பெண்) என் மேசையில் இருந்தவர்களுக்கு ஹென்றி மொலைசனின் கதையைச் சொன்னேன். அமெரிக்கர். ஓயாத வலிப்பு. 1953இல், அவருக்கு இருபத்தேழு வயதாக இருந்தபோது, ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் மூளையின் இரண்டு பக்கமும் காதுக்கு உள்ளே வரும் பகுதியில் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியை எடுத்துவிட்டார். வலிப்பு குறைந்தது. ஆனால் அன்று முதல் 2008இல் இறக்கும்வரை புதிதாக நடந்த ஏறக்குறைய எதுவும் அவரிடம் தங்கவில்லை. தாதி அறையை விட்டுப் போய்த் திரும்பி வந்தால் புது ஆள். சிறுவயதுச் செய்திகளோ பத்திரமாக இருந்தன. அலமாரியைக் கழற்றி எடுத்திருந்தால் அவையும் அல்லவா போயிருக்க வேண்டும்?

பிரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திரத்தின் கோட்டை ஒட்டி வரைய வேண்டும். எவருக்கும் முதலில் கை கோணும். மொலைசனுக்கு நாளுக்கு நாள் கை திருந்தியது. முன்பு வரைந்ததோ அவருக்கு நினைவே இல்லை. கைப்பழக்கத்துக்கு ஒரு பாதை, நடந்த நிகழ்ச்சிக்கு வேறு பாதை என்பது அப்படித்தான் புரிந்தது. ஒரு நிகழ்ச்சியின் நிறமும் குரலும் மணமும் மூளையின் மேற்புறணியில் தனித்தனியே பதிகின்றன. அவற்றைப் பூச்சரம் போல் ஒன்றாகக் கட்டுவது ஹிப்போகாம்பஸ். பல காலம் கட்டிக்கட்டி இறுகிய சரம் பிறகு அந்த நார் இல்லாமலும் நிற்கும் என்பதுதான் பொதுவான விளக்கம். என் மேசையில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் வடையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்படியென்றால் சைக்கிள் ஓட்ட மறக்கமாட்டேன். சைக்கிளை எங்கே நிறுத்தினேன் என்பதைத்தான் மறப்பேன்." ஆறு வாரத்தில் அந்த அறையில் சொல்லப்பட்ட மிகச் சரியான வாக்கியம் அதுதான். அவர் கட்டணம் கட்டி வந்தவர்.

அடிப்பிடித்த சோற்றைப் பற்றியும் அங்கேதான் பேச்சு வந்தது. அடுப்பை மூட்டும்போது நான் தொலைபேசியில் மகளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். கவனம் அங்கே இல்லை. பதியாத ஒன்றை எப்படி மறக்க முடியும்? சாவி, மூக்குக்கண்ணாடி, அடுப்பு எல்லாம் பெரும்பாலும் இந்த வகைதான். இதைப் பயிற்சியாளர் ஆறு வாரமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பாதிப் பேர் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பார்கள். அதனால்தான் சொல்லவில்லையோ என்னவோ.

மூன்றாம் வாரம் பரவாயில்லை. எப்பிங்ஹவுஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று அளந்து 1885இல் எழுதினார். ஒரு நாள் கழிந்தபோது அவரிடம் மிஞ்சியது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. பயிற்சியாளர் இதிலிருந்து சரியான பாடத்தையே எடுத்தார்: ஒரே மூச்சில் பத்து முறை படிப்பதைவிட இன்று, நாளை, மூன்று நாள் கழித்து, அடுத்த வாரம் என்று இடைவெளி விட்டுப் படித்தால் தங்கும். அடுத்த வீட்டுப் பெண்மணியின் பெயரை அப்படித்தான் மீட்டேன். கற்றது தங்க உறக்கமும் வேண்டும் என்றார், அதுவும் உண்மை. இரவுப் பணியில் நான் இழந்த உறக்கத்தை எண்ணிப் பெருமூச்சு விட்டேன். ஆனால் வாழையிலைச் சாப்பாட்டுக்குப் பிறகு, இரண்டு மணிக்கு, விளக்கை அணைத்துவிட்டு உறக்கத்தின் அருமையைப் பற்றிப் பேசினால் என்ன ஆகும்? பின் வரிசையில் மூன்று பேர் பாடத்தை உடனே செயல்படுத்திக் காட்டினார்கள்.

நான்காம் வாரத்துக்காகவே 360 ரிங்கிட் கொடுக்கலாம். நினைவு மாளிகை. நன்கு தெரிந்த ஓர் இடத்தை மனத்தில் நடந்து பார்க்க வேண்டும். நடக்கும் வழியில் ஒவ்வொரு மூலையிலும் நினைவில் வைக்க வேண்டிய பொருள் ஒன்றை வைத்துக்கொண்டே போக வேண்டும். வைப்பது கோமாளித்தனமாக இருந்தால் இன்னும் நல்லது. பிறகு அதே வழியில் திரும்பி நடந்தால் பொருள்கள் தாமே கண்ணில் படும். சைமானிடிஸ் என்ற கிரேக்கக் கவிஞரிலிருந்து தொடங்கினார் பயிற்சியாளர். நூறு செய்திகளை ஒரே நேரத்தில் கவனத்தில் வைத்துச் சொல்லும் சதாவதானத்தை 1907இல் சென்னையில் நிகழ்த்திக் காட்டிய செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தமிழர்கள் நிறைந்த அறையில் தமிழில் வகுப்பு எடுப்பவர் கிரேக்கத்தோடு நின்றுவிட்டது எனக்கு உறுத்தியது.

இந்த உத்தி ஏன் வேலை செய்கிறது என்பதையும் அவர் சொல்லியிருக்கலாம். 1971இல் ஜான் ஓகீஃப் எலியின் ஹிப்போகாம்பஸில் இடத்தை அறியும் நரம்பணுக்களைக் கண்டார். எலி ஒரு குறிப்பிட்ட மூலைக்கு வந்தால்தான் ஒரு குறிப்பிட்ட அணு துடிக்கும். 2014இல் அதற்கு நோபல் பரிசு, மோசர் தம்பதியரோடு பகிர்ந்து. லண்டனில் டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால் சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும்; அந்த ஓட்டுநர்களின் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி மற்றவர்களுடையதைவிடப் பெரிதாக இருந்ததை எலினர் மக்வயர் குழுவினர் 2000இல் காட்டினார்கள். நடந்ததைக் கட்டி வைக்கும் உறுப்பே நடந்த வழியையும் கட்டி வைக்கிறது. ஆகவே, துவரம் பருப்பை ஒரு வாசற்படியில் வைப்பது ஏமாற்று வித்தை அல்ல.

முதலில் செந்தூலில் இப்போது நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டை முயன்றேன். வெள்ளைச் சுவர், வெள்ளைக் கதவு, எல்லா மூலையும் ஒரே மூலை. வைத்த பொருளெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தது. அப்புறம் கண்ணை மூடி, பிறந்து வளர்ந்த வீட்டுக்குப் போனேன். அப்பா ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடும் பாய்ன்ட்ஸ்மேன். இதே பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ரயில் பெட்டிகளைப் பிரித்துக் கோக்கும் பெரிய யார்டு இருந்த இடத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறந்தார்கள். எங்கள் வீட்டு வரிசையும் போய்விட்டது. என் தலைக்குள் மட்டும் வாடகை இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. வாசற்படியில் துவரம் பருப்பு. அப்பாவின் தொப்பி மாட்டும் ஆணியில் ஒரு மீன். சாமி மேடையில் தொலைபேசி மணி அடித்தது. அம்மியில் ஒரு யானை மிளகாய் அரைத்தது. குழாயடியில் பிரதமர் துணி துவைத்தார் (எந்தப் பிரதமர் என்று சொல்லமாட்டேன்). வாசலில் இருந்த பலாமரத்தின் கிளைகளில் மட்டும் ஐந்து பொருள்களைத் தொங்கவிட்டேன். இருபதில் பத்தொன்பது வந்தன, அதுவும் வரிசையாக. விடுபட்டது குடை. குடையை நான் குடை வைக்கும் மூலையிலேயே வைத்திருந்தேன். எப்போதும் இருப்பதுதானே என்று அதைக் கடந்து போய்விட்டேன்.

இதற்கு எல்லை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2017இல் வெளியான ஓர் ஆய்வில், நாள்தோறும் அரை மணி நேரம் ஆறு வாரம் இந்த உத்தியைப் பயின்ற இளைஞர்கள் 72 சொற்கள் கொண்ட பட்டியலில் முன்பைவிட முப்பதுக்கும் மேற்பட்ட சொற்களைக் கூடுதலாகச் சொன்னார்கள். பட்டியலுக்கு அது போதும். நேற்று யார் என்ன சொன்னார்கள் என்பதை இது பிடித்து வைக்காது. நீங்கள் கையால் எடுத்து வைத்ததுதான் அங்கே இருக்கும்.

அன்றிரவு சிரம்பானில் இருக்கும் தம்பியை அழைத்துப் பெருமை அடித்துக்கொண்டேன். எல்லாம் கேட்டுவிட்டு அவன் சொன்னான்: "அக்கா, நம் வீட்டு வாசலில் ஏது பலாமரம்? அது பந்திங் தோட்டத்தில் பாட்டி வீட்டில் இருந்தது." பத்து நிமிடம் சண்டை. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு கறுப்புவெள்ளைப் படம் வந்தது. வாசலில் அம்மா, இடுப்பில் தம்பி, ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட நான். பின்னால் கதவு, சுவர், ஒரு சாக்கடை. மரம் இல்லை.

வார்டில் ஒரு காலத்தில் தோட்டப்புறத்திலிருந்து சம்சு குடித்துக் குடித்து வந்து சேர்ந்தவர்கள் இருந்தார்கள். சோறு குறைந்து சாராயம் மிகுந்தால் தையமின் என்ற பி1 உயிர்ச்சத்து வற்றிவிடும். நினைவைக் கட்டும் பகுதிகள் அழியும். கோர்சகாஃப் நோய் என்பார்கள். "காலையில் என்ன சாப்பிட்டீர்கள் ஐயா?" என்று கேட்டால், கட்டிலைவிட்டு இறங்காத மனிதர், மகள் வீட்டுக்குப் போனதையும் இடியப்பமும் சொதியும் உண்டதையும் விவரிப்பார். பொய் சொல்கிறார் என்று புதிய தாதிகள் சிரிப்பார்கள். அவருக்கு அது பொய்யல்ல. ஓட்டை விழுந்த இடத்தை மூளை கையில் கிடைத்த துணியால் தைத்துவிடுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு அந்த ஐயாக்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

நோய் இல்லாதவர்களும் தைக்கிறோம். 2000இல் நாடர், லெடூ என்ற ஆய்வாளர்கள் எலிகளை வைத்துக் காட்டியது இது: ஓர் ஒலியைக் கேட்டால் அஞ்ச வேண்டும் என்று எலி கற்று, அது நன்றாகப் பதிந்த பிறகு, அந்த ஒலியை மீண்டும் கேட்கச் செய்து, புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தை மூளையின் அமிக்டலா பகுதியில் செலுத்தினால் அச்சம் மறைந்துவிடுகிறது. ஒலியை நினைவூட்டாமல் மருந்தை மட்டும் செலுத்தினால் ஒன்றும் ஆவதில்லை. அதாவது, எடுத்துப் பார்த்த நினைவு சற்று நேரம் ஈரமாகிவிடுகிறது. திரும்ப உலர்த்தித்தான் வைக்க வேண்டும். ஐம்பது ஆண்டுகளில் அந்த வாசலை நான் எத்தனை முறை எடுத்துப் பார்த்திருப்பேன்! ஏதோ ஒரு முறை பாட்டி வீட்டு மரம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

ஐந்தாம் வாரம் கடை விரித்தார்கள். பயிற்சியாளரின் பங்காளி என்று ஒருவர் வந்தார், பாட்டில்கள் வந்தன. வல்லாரையும் ஜின்கோ என்ற சீன மரத்தின் இலையும் சேர்ந்த "மூளைச் சாறு", பாட்டில் 89 ரிங்கிட், மூன்று வாங்கினால் ஒன்று இலவசம். வல்லாரையை நமக்கு விற்கிறார்கள்! காலைச் சந்தையில் மலாய்க்கார அக்காவிடம் பெகாகா என்று கேட்டால் இரண்டு வெள்ளிக்கு ஒரு கட்டுத் தருவார். தேங்காய் வைத்துத் துவையல் அரைத்தால் அருமையாக இருக்கும். தேர்வுக் காலத்தில் அம்மா எனக்குப் புகட்டாத நாளில்லை, கணக்கில் தோற்றேன். ஜின்கோவை அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்ட மூவாயிரத்துச் சொச்சம் பேரிடம் ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் சோதித்தார்கள். 2008இல் முடிவு வந்தது: மறதி நோயை அது தடுக்கவில்லை. ரத்தத்தை நீர்க்கச் செய்யும் வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைத் தொடவே கூடாது. அந்த அறையில் குறைந்தது இரண்டு பேர் எடுக்கிறார்கள். எனக்குத் தெரியும், இடைவேளையில் மாத்திரைப் பெட்டியைத் திறந்தார்கள். பங்காளி அதைப் பற்றி ஒருவரையும் விசாரிக்கவில்லை. இந்த விமர்சனத்தில் நான் மன்னிக்காத ஒரே இடம் இதுதான்.

89 ரிங்கிட்டை வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய் ரத்தத்தில் பி12, தைராய்டு இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை குறைந்தாலும் நினைவு மங்கும், சரிசெய்யவும் முடியும். சைவ உணவுக்காரர்களும், இனிப்பு நீருக்குப் பல ஆண்டுகளாக மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் பி12ஐக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம்மவர்களில் இந்த இரண்டு கட்சியிலும் சேராதவர்கள் எத்தனை பேர்?

ஆறாம் வாரம் இறுதிச் சோதனை. தம்பியின் படத்துக்குப் பிறகு எனக்கு ஒரு வீம்பு. மரத்தை வெட்டிவிட்டு உண்மையான வாசலில், அந்தச் சாக்கடை ஓரமாக, ஐந்து பொருளையும் வரிசையாக வைத்தேன். அந்த ஐந்தோடு இன்னொன்றும் போனது. இருபதுக்குப் பதினான்கு. இரண்டாவது பட்டியலுக்குச் சத்தம் போடாமல் மரத்தை மறுபடி நட்டேன். இருபதும் வந்தன. சான்றிதழில் "சிறந்த மாணவி" என்று எழுதிக் கொடுத்தார்கள். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை.

கணக்குச் சொல்கிறேன். நான்காம் வாரத்துக்குப் பத்துக்கு ஒன்பது. மூன்றாம் வாரத்துக்கு ஏழு, இருட்டறைக்காக ஒன்று கழித்து. முதல் இரண்டு வாரங்களும் வடையால் பிழைத்தன. ஐந்தாம் வாரம் போகாதீர்கள். போனால் பணப்பையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். குளிரூட்டி கடுமை, சால்வை கொண்டுபோங்கள். பட்டியலை மறப்பவர்கள், பேசும்போது பெயர் தடுக்குபவர்கள், தனியாக இருந்து பேச்சுத்துணை தேடுபவர்கள் தாராளமாகப் போகலாம்.

விளம்பரத் தாளின் கடைசி வரியில் "மறதி நோய் உள்ளவர்களையும் அழைத்து வரலாம்" என்று இருக்கிறது. வேண்டாம். அல்சைமர் பெரும்பாலும் முதலில் கை வைப்பதே ஹிப்போகாம்பஸையும் அதன் வாசலில் இருக்கும் புறணியையும்தான். புதிதாகப் பூக்கட்டும் கை அங்கே தளர்ந்துவிட்டது. அவர்களை இருபது சொற்களுக்கு முன்னால் உட்கார வைப்பது கொடுமை. என் அக்காவை நான் அழைத்துப் போகவில்லை. சான்றிதழை மட்டும் கிள்ளானுக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். பார்த்தாள், மடியில் வைத்தாள், ஐந்து நிமிடத்தில் "இது என்ன தாள்?" என்றாள். பேச்சை மாற்ற, "குவார்ட்டர்ஸ் வீட்டு வாசலில் பலாமரம் இருந்ததா அக்கா?" என்று கேட்டேன்.

"பலாவா? கொய்யா" என்றாள், நொடிகூட யோசிக்காமல். "பின்கட்டில். அதிலிருந்து விழுந்துதானே நீ முழங்காலைக் கிழித்துக்கொண்டாய். நான்தான் தூக்கிக்கொண்டு ஓடினேன்."

தம்பி அனுப்பிய படத்தில் பின்கட்டு இல்லை. என் இடது முழங்காலில் தழும்பு இருக்கிறது. அம்மா இருந்தவரை அதைச் சைக்கிளில் விழுந்த தழும்பு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.